ஒன்பது என்று சொன்னேன்

விமானிகள் சங்கம் நடத்தும் சிறு இதழிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். விமானத்தில் காணும் குறைகளைப் பெயர் சொல்லாமலே கணினியில் முறையிடுவதற்குப் புதிதாக ஏற்பாடு வந்திருக்கிறதாம். அதையொட்டி ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை வாங்குகிறார்கள். "மேலிடம் பறக்கச் சொல்லி நீங்க முடியாதுன்னு சொன்ன சம்பவம் ஒண்ணு எழுதித் தாங்க சேர்" என்றார். பெருமையாகச் சரி சொல்லிவிட்டேன். பிறகு மூன்று வாரம் பேனாவைத் தொடவில்லை.

முப்பத்தொரு வருடம் விமானம் ஓட்டியவனிடம் அப்படிச் சம்பவம் இல்லாமல் போகுமா? ஒன்றிரண்டு இருக்கிறது. ஆனால் அதை எழுத உட்கார்ந்தால் வேறொன்று வந்து குறுக்கே நிற்கிறது. முடியாது என்று சொல்லியே ஆகவேண்டிய ஓரிடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதனால் பாஸில் என்ற அருமையான விமானிக்குத் தொழில் போயிற்று, பெயரும் கெட்டது. சங்கத்துக்காரர்கள் கேட்டது அதையல்ல. ஆனால் என்னிடம் எழுத இருப்பது அதுதான்.

என் ஆரம்பக் கதையில் விசேஷம் எதுவும் இல்லை. அப்பா கண்டி மாநகரசபையில் கணக்கெழுதும் எழுதுவினைஞர். நான் இரத்மலானையில் பறக்கப் படித்து, லைசன்ஸ் எடுத்து, வேலை கிடைக்காமல் மாமாவின் துணிக்கடையில் இரண்டு வருடம் சேலை மடித்தேன். பிறகு மாலைதீவில் நீர் விமானம் ஓட்டக் கூப்பிட்டார்கள். சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு நீளமான மிதவைகள் பூட்டிய சின்ன விமானம் அது. தண்ணீரில் இறங்கும், தண்ணீரிலிருந்தே ஏறும். அதிலேயே இருபது வருடம் போயிற்று. ஐம்பது வயதைத் தாண்டியபோது கொழும்புக் கம்பெனி ஒன்று அதே மாதிரி விமானங்களைக் கொண்டு வந்து, கொழும்புப் பக்கத்து வாவியிலிருந்து கண்டிப் பக்கம் தெல்தெனியவுக்கு அருகே விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. மனைவிக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் மாதா மாதம் கிளினிக் இருந்த காலம். கண்டி கட்டுக்கலையில் சொந்த வீட்டில் படுத்தெழும்பி விமானம் ஓட்டலாம் என்றால் யார்தான் விடுவார்கள்? சேர்ந்துகொண்டேன்.

நீர் விமானக்காரனின் காலை தண்ணீர் இறைப்பதில் தொடங்கும். மிதவை ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனி அறைகள் உண்டு. எப்படி அடைத்தாலும் கொஞ்சம் தண்ணீர் கசிந்து உள்ளே போகும். ஒவ்வோர் அறைக்கும் மேலே ரப்பர் பந்து மாதிரி ஒரு மூடி. அதைக் கழற்றி, கைப் பம்பை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். வெறும் காற்று வரும்வரை எத்தனை இழுப்பு என்று வாய்விட்டு எண்ணுவோம். இரண்டு, மூன்று என்றால் சுகமான மிதவை. இரவு முழுக்க நின்ற விமானத்தில் ஓர் அறையில் இருபத்தைந்தைத் தாண்டினால் அதை விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதிவிட்டால் எஞ்சினியர் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்கும்வரை விமானம் பறக்கக் கூடாது. இது சட்டம். இதில் கூட்டவோ குறைக்கவோ யாருக்கும் அதிகாரம் இல்லை.

சட்டத்தைச் சுற்றிப் போக எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. விக்டோரியாவில் விமானத்தைக் கரையேற்ற வசதி இல்லை, எஞ்சினியரும் இல்லை. அங்கே எழுதினால் எஞ்சினியர் கொழும்பிலிருந்து வேனில் வரவேண்டும், பயணிகள் வேனில் போக வேண்டும். ஆகவே விக்டோரியாவில் என்ன குறை கண்டாலும் அங்கே எழுதுவதில்லை. அடுத்த விமானியிடம் வாயால் சொல்வோம். எழுத வேண்டியதாக இருந்தால் கொழும்பில் இறங்கிய பிறகு எழுதுவோம். புத்தகத்தைப் பார்த்தால் எங்கள் விமானங்கள் கொழும்பில் மட்டுமே பழுதாகும். இதை நாங்கள் களவு என்று நினைத்ததே இல்லை, அனுபவம் என்று நினைத்தோம்.

பாஸில் மட்டும் கேட்பார். அக்குறணைக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், மாலைதீவிலும் என்னோடு ஓட்டியவர். "அண்ணன், இங்க கண்டத இங்கதானே எழுதணும்? கொழும்புல எழுதினா நடுவுல பறந்தது எந்தக் கணக்குல சேரும்?" என்பார். நான் சிரித்து மழுப்புவேன்.

எங்கள் மேலதிகாரி கெப்டன் சிவநேசன். யாழ்ப்பாணத்தவர், பழைய விமானி, அப்போது கம்பெனியின் பறப்பு நடவடிக்கைகள் எல்லாம் அவர் கையில். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது. போனால் தானே எழுந்து தேத்தண்ணி ஊற்றித் தருவார். எதையும் எழுத்தில் கேட்க மாட்டார், எழுத்தில் சொல்லவும் மாட்டார். முக்கியமாக, பற என்று யாரிடமும் சொல்ல மாட்டார். அதை நாங்களே சொல்லிக்கொள்ளும்படி செய்துவிடுவார்.

ஒரு தடவை வழியில் கடுகண்ணாவைக் கணவாயை முகில் மூடிக்கிடந்தது. நாங்கள் கண்ணால் பார்த்துப் பறப்பவர்கள். முகிலுக்குள் போக விமானத்துக்கும் அனுமதி இல்லை, எங்களுக்கும் அனுமதி இல்லை. கொழும்பிலிருந்து கிளம்பவில்லை என்று சொல்ல அவர் அறைக்குப் போனேன். ஒத்துக்கொண்டு தலையாட்டினார்.

"ஓம் மூர்த்தி, பாதுகாப்புத்தான் முதல். நான் உம்மைப் பறக்கச் சொல்லேல்லை. விமானம் உம்முடைய கையிலை, முடிவும் உம்முடையது. முதலாளி ரெலிபோன் எடுத்தா நான் என்ன சொல்லுறது எண்டதை மட்டும் ஒருக்கால் சொல்லித் தாரும்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "ஒருக்கா கிளம்பிப் பாக்கிறேன் சேர், முடியாட்டி திரும்பிடுறேன்" என்றேன். அப்படித்தான் எல்லோரும் சொல்லுவோம். கிளம்பியவன் திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கும் தெரியும். முகிலுக்கும் மலைக்கும் நடுவில் இருந்த ஓர் இடைவெளியில் புகுந்து, கீழே ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு போனேன். கம்பளைப் பக்கம் ஒரு மலை திடீரென்று ஜன்னலை நிறைத்தது, ஒடித்துத் திருப்பினேன். இறங்கியதும் பயணிகள் கைதட்டினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். சிவநேசன் மாலையில் அழைத்து "வலு திறம்" என்றார். அந்த இரண்டு சொல் எனக்கு இனித்தது என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

இனிப் பாஸிலின் விஷயம். அது கடும் வறட்சிக் காலம். விக்டோரியாவில் தண்ணீர் வற்றினால், அணை கட்டியபோது முழுகிப்போன பழைய தெல்தெனிய ஊரின் சுவர்களும் அத்திவாரங்களும் மேலே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்ப்பவை பரவாயில்லை, ஒரு அடி கீழே இருப்பவைதான் ஆபத்து. அன்று காலை பாஸில் எட்டுப் பயணிகளோடு இறங்கி இறங்குதுறைக்கு வரும்போது இடது மிதவையில் ஏதோ தட்டியது. பயணிகள் கண்டி பார்க்கப் போய்விட்டார்கள். நாலு மணித்தியாலம் கழித்து அவர் பம்பைப் போட்டுப் பார்த்தார். உடனே எனக்கு அழைப்பு வந்தது. எனக்கு அன்று லீவு. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணன், இடது நாலாவது அறை நாப்பத்தொண்ணு. எட்டுப் பேரையும் ஏத்தணும். காத்தும் இல்ல, வெயிலும் கொளுத்துது."

நாலாவது அறை பின்பக்கம் இருப்பது. அங்கே தண்ணீர் சேர்ந்தால் விமானம் வால் பாரமாகும். காற்றில்லாத வெயிலில் ஏற நீண்ட தூரம் பிடிக்கும், ஏறும்போது மூக்கு தானாக மேலே தூக்கும், எதிரே மலை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்: "நல்லா எறச்சுட்டுக் கெளம்பு. அரை மணித்தியாலப் பறப்பு தானே. கொழும்புல போய் எழுதிக்க."

பம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "இல்லண்ணன், நான் இங்கயே எழுதப் போறேன்" என்றார்.

எழுதினார். விமானம் நின்றது. அந்த எட்டுப் பேர் சாதாரணப் பயணிகள் அல்ல, கம்பெனியில் பங்கு வாங்குவதற்காக முதலாளி நேரில் அழைத்து வந்தவர்கள். வேனில் ஏற்றி, மலைப்பாதை வளைவெல்லாம் வாந்தியெடுக்க வைத்து, கொழும்பில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்கள் பங்கும் வாங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சிவநேசன் தன் காரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். என்னை ஏற்றிக்கொண்டு விக்டோரியாவுக்குப் போனார், வழியெல்லாம் என் மனைவியின் சுகம் விசாரித்தார். தலைமை விமானி பதவி காலியாகப் போகிறது என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இறங்குதுறையில் பம்பை எடுத்து என் கையில் தந்தார்.

முதல் நாள் பின்னேரம் பாஸில் வற்ற இறைத்துவிட்டுத்தான் போயிருந்தார். ஓர் இரவு முழுவதும் நின்றிருந்த விமானம். நான் குந்தியிருந்து இழுத்தேன், வாய்விட்டு எண்ணினேன். ஐம்பதைத் தாண்டியதும் குரல் தானாக இறங்கியது. நூறைத் தாண்டியதும் உதடு மட்டும் அசைந்தது. நூற்று முப்பத்தாறில் காற்று வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சிவநேசன் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம் மூர்த்தி. இப்ப அறை காஞ்சு போச்சுத்தானே. ஒரு மணித்தியாலம் இருப்பம். பிறகு எண்ணிப் பாரும். அந்த எண்ணிக்கையை மட்டும் எழுதும்."

ஒரு மணித்தியாலம் கழித்து எண்ணினேன். ஒன்பது. பாஸிலின் எழுத்துக்குக் கீழே, "மீண்டும் பரிசோதிக்கப்பட்டது. இடது நான்காம் அறை: ஒன்பது. எல்லைக்குள்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இருபத்தைந்து என்பது ஓர் இரவுக்கான எல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்பது என்றால் ஓர் இரவுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க எழுதுவினைஞரின் மகனுக்குத் தெரியாதா? எஞ்சினியர் கையெழுத்தும் இல்லை. அதைக் கொழும்பில் வாங்கிக்கொள்ளலாம் என்றார் சிவநேசன். ஆட்கள் இல்லாமல் வெறும் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போனேன். காலைக் குளிர், பாரம் இல்லை, பிரச்சினையும் இல்லை. விமானம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததுதான் பாஸிலுக்கு எதிரான முதல் சாட்சி.

அன்று பின்னேரமே விமானத்தைக் கரையேற்றினார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். இடது மிதவையின் அடியில், தகடுகள் சேரும் தையல் ஓரமாக, ஒரு கை நீளத்துக்கு வெடிப்பு. இரண்டு ஆணிகள் அறுந்திருந்தன. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. எஞ்சினியர் என்னைப் பார்த்தார், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வழக்கமான பராமரிப்பு வேலை என்று பதிந்து ஒட்டி முடித்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனி விசாரணை வைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளியின் தம்பி, சிவநேசன், ஒரு வழக்கறிஞர். இந்தப் பக்கம் பாஸில். என்னை ஓரமாக ஒரு கதிரையில் உட்கார வைத்தார்கள்.

வழக்கறிஞர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "புறப்படுவதற்கு முன் நீங்கள் கடைசியாக எண்ணியது எத்தனை?"

"ஒன்பது."

"அது எல்லைக்குள் தானே?"

"ஆமா."

அவ்வளவுதான். முதலில் எண்ணியது எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒரு சப்பைக்கட்டு கட்டினேன். வெடிப்பைப் பற்றியும் பேசவில்லை. பாஸில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விமானத்தை நிறுத்திய அன்று எனக்குத் தொலைபேசியில் எல்லாம் சொன்னதாக அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் மாட்டியிருப்பேன். அவர் சொல்லவில்லை. நானாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். எனக்கு அது அந்த அறையிலேயே விளங்கியது, விளங்கியும் குனிந்துகொண்டேன்.

வேண்டுமென்றே பொய்யான குறையைப் பதிந்தார் என்று கடிதம் கொடுத்து அவரை நிறுத்தினார்கள். இது சின்ன நாடு, சின்னத் தொழில். அந்தக் கடிதத்தோடு போன இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள். பாஸில் அதற்குப் பிறகு விமானம் ஓட்டவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய தந்தை ஹமீது ஹாஜியார் என் வீட்டுக்கு வந்தார். அக்குறணையில் இரும்புக்கடை வைத்திருந்தவர், எழுபது வயதுக்கு மேல். பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். கதிரை நுனியில் உட்கார்ந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தார்.

"இங்கிலீசு எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி. மருமகன் வாசிச்சிக் காட்டினார். பொய் எழுதினதா போட்டீக்காம். ஒங்களப் பத்தி மகன் எப்பவும் பெரிசாத்தான் பேசுவார். அதான் ஒங்கட வாயால கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன். என்ட மகன் பொய் எழுதினாரா?"

"பொய்யின்னு சொல்ல ஏலாதுங்க ஹாஜியார். கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்."

"அப்ப தண்ணி இல்லையா?"

"நான் பாக்கிறப்ப பெருசா ஒண்ணும் இல்லங்க."

விசாரணையில் நான் சொன்னதாவது உண்மையிலேயே எண்ணிய எண். இது சுத்தமான பொய். நான்கு சுவருக்குள், யாரும் என்னை வற்புறுத்தாமல், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க, ஒரு தகப்பனின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய். பயம்தான் காரணம். அவரிடம் சொன்னால் ஊருக்கே தெரியும், வேலை போகும், மறுபடி மாலைதீவு, மனைவியின் கிளினிக் என்று ஒரு பட்டியல் மனதில் ஓடியது. ஹாஜியார் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "மூடி மறைக்காம நேர சொன்னீங்க தம்பி. சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு மாதத்தில் நான் தலைமை விமானி ஆனேன். சிவநேசன் பிள்ளைகளோடு வெளிநாட்டில் போய் இருக்கிறார். கம்பெனியும் பிறகு மூடிப்போயிற்று. என் மனைவியும் இப்போது இல்லை. எதற்காகப் பயந்தேனோ அதெல்லாம் போய்விட்டது. சங்கத்துக்காரர் கட்டுரை கேட்ட நாலாவது வாரம், மாத்தளை பஸ்ஸில் ஏறி அக்குறணையில் இறங்கினேன்.

தகப்பனின் கடையில் பாஸில் இருந்தார். தாடி நரைத்துவிட்டது. "வாங்கண்ணன், உள்ளுக்கு வாங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். நூற்று முப்பத்தாறு, வெடிப்பு, அறுந்த ஆணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"தெரியும் அண்ணன்" என்றார். "எஞ்சினியர் அப்பவே போன் எடுத்துச் சொன்னார்."

"அப்ப ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். கொஞ்ச காலம் பாத்தேன். பொறகு விட்டுட்டேன்."

அதிகாரிகளுக்கு எழுதுகிறேன், உன் பெயரிலுள்ள களங்கத்தைத் துடைக்கச் சொல்கிறேன் என்றேன். சிரித்தார். "எனக்கு இப்ப சுகர் இருக்கு, கண்ணும் சரியில்ல. மெடிக்கலே பாஸாக ஏலா. அதுக்கு இனி அவசியமில்ல." கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வாப்பா ஒங்கட வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியாது அண்ணன். அவர் சொல்லவே இல்ல. படுக்கையில கெடந்தவர், மவுத்தாக ரெண்டு மாசத்துக்கு முந்தி என்னப் பக்கத்துல கூப்பிட்டார். மகன், நீ அந்தப் புத்தகத்துல எழுதின பொய்க்கு அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கோன்னார். நான் பொய் எழுதல வாப்பான்னேன். இல்ல, மூர்த்தி தம்பி எனக்கு நேர சொன்னாருன்னார்."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? படுக்கையில ஈக்கிற மனுஷன். அவர்ட மனசு ஆறணும். சரி வாப்பா, கேட்டுக்கிறேன்னேன்."

முள்ளுக்கம்பி கேட்டு ஒருவர் வந்தார். பாஸில் எழுந்து அளந்து, வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குள் என்னால் சொல்ல முடிந்ததெல்லாம் மன்னிச்சுக்க என்ற ஒரு சொல்தான். அவர் மீதிக் கம்பியைச் சுருட்டி மூலையில் வைத்தார். நான் பஸ் ஏறக் கிளம்பும்போது மட்டும், "எழுதுறதா இருந்தா பேரப் போட்டு எழுதுங்க, வாப்பாட பேரயும் போடுங்க" என்றார்.

எழுதுகிறேன். அக்குறணை ஹமீது ஹாஜியாரின் மகன் கெப்டன் பாஸில் அன்று விக்டோரியா இறங்குதுறையில் எழுதிய நாற்பத்தொன்று உண்மை. மறுநாள் காலை அதே அறையில் நான் எண்ணியது நூற்று முப்பத்தாறு. மிதவை வெடித்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய பொய்யைச் சொன்னவன் நான். ஹாஜியார் தமிழில் அச்சடித்தது எது கையில் கிடைத்தாலும் ஒரு வரி விடாமல் வாசிப்பாராம். அவர் இறந்து மூன்று வருடமாகிறது.